ஐந்தாம் எண்

காசிமேட்டில் ஏலக் கணக்கு எழுதுகிறவள் நான்.
எனக்கு ஏலம் என்றால் சத்தம்.
விடிகாலை மூன்றரைக்கு வஞ்சிரக் கூடையைச் சுற்றி
லூர்து அக்கா விலை கூவும்போது
யார் இன்னும் நூறு ஏறுவான்,
யார் பீடியைக் காலில் தேய்த்துவிட்டு நகர்வான் என்று
மூக்கு விடைப்பதை வைத்தே சொல்லிவிடுவேன்.

பிரான்சில் நடக்கிற ஏலத்தில் சத்தமே இல்லை.
செல்போனில் ஒரு குட்டிக் கடிகாரம்.
எதிராளிக்குப் பெயர் கிடையாது, மூன்று நட்சத்திரம்.
அவன் மூக்கை எங்கே போய்ப் பார்ப்பது?

சரக்கு இதுதான்:
சீட்டைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை.
நூற்று முப்பது வருஷம் முன்னால்
சாக்லேட் வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு
கடைக்காரன் சும்மா கொடுத்தது.
முன்னால் கதை, முதுகில் விலைப்பட்டியல்.
லென்ஸ் வைத்துப் பார்த்தால் நரியே இல்லை,
பழுப்பும் ரோஜாவுமாய்ப் புள்ளிகள்.
லென்ஸை எடுத்தால்
நரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மொத்தம் ஆறு.
முதலாவதில் காக்கை. வாயில் வடை இல்லை,
அது நம்ம ஊர்க் காக்கை இல்லையே.
கம்பெனி சாக்லேட், உறைகூடப் பிரிக்காமல்.
இரண்டில் நரி வீட்டு விருந்து,
தட்டைத் தட்டைப் பார்த்து முழிக்கும் கொக்கு.
மூன்றில் ஆற்றோடு போகும் இரும்புப் பானை, மண்பானை.
நாலில் ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தின்னவில்லை,
அதற்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள்.
ஆறில் எறும்பு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது,
வெட்டுக்கிளி கடன் கேட்கிறது.
எல்லாக் கதைக்கும் நீதி ஒன்றுதான்:
ஆகவே எங்கள் சாக்லேட்டையே வாங்குவீர்.

தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடி.
உப்புக்காற்று இரும்புக் கதவையே தின்கிறது,
அட்டையை விடுமா?
எம்.சி. ரோடு செருப்புக்கடை தில்ஷாத்
சேர்த்துத் தரும் சிலிக்கா பொட்டலங்களோடு
பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் எண் லியோனிலிருந்து வந்தது.
நாலாவதை விற்றவர் பெல்ஜியத்துக்காரர்.
இரண்டு முதுகிலும் ஊதாப் பென்சிலில்
தூண்டில் முள் மாதிரி வளைந்த ஒரே கையெழுத்து:
பெர்த்.
ஒருத்தியின் கைவிட்டுப் போன இரண்டு அட்டை
எப்படி எப்படியோ சுற்றி
என் பிஸ்கட் டின்னில் சேர்ந்திருக்கிறது.
அன்றைக்குக் கூடைக் கணக்கைத் தப்பாகப் போட்டேன்.

அப்புறம் ஐந்தாம் எண் வந்தது, போன தை மாசம்.
எருதைப் பார்த்து வயிற்றை உப்பும் தவளை.
எட்டு யூரோ. பதினொன்று.
மூன்று நட்சத்திரம் பதினாலு என்றது.
இருபது. இருபத்தாறு.
எந்தப் படத்துக்கு இப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று
தெரியாமல் இல்லை.
முப்பத்தெட்டு.
அந்த மாசச் சீட்டுப் பணம் போச்சு.

இருபத்தாறு நாள் கழித்து
தபால்காரர் தணிகாசலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு
"உள்ள இன்னாம்மா, வெறும் அட்டையா?" என்றார்.
தவளை என்றேன்.

முதுகைத் திருப்பினால் விலைப்பட்டியல் இல்லை, பெயரும் இல்லை.
யாரோ பசை தடவி ஆல்பத்தில் ஒட்டி
அப்புறம் பிய்த்திருக்கிறார்கள்.
ஆல்பத்தின் பழுப்புத் தாள் முழுசாய்ப் பிடித்திருக்கிறது, தோல் மாதிரி.

வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால்
அரை மணியில் தாள் கழன்றுவிடும்.
சேர்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.
ஆனால் ஊதாப் பென்சில் எனக்குத் தெரியும்.
ராயபுரம் சரக்கு ஆபீஸில் அப்பா
நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியது அதுதான்,
உதடெல்லாம் ஊதாவாக வீட்டுக்கு வருவார்.
அழித்தால் அழியாது.
தண்ணீர் பட்டால் நிற்காது.

உள்ளே அவள் பெயர் இருந்தால்
நான் பார்க்கிற நேரத்திலேயே கரைந்துவிடும்.
இல்லையென்றால் இல்லை என்று தெரியும்.

கிண்ணத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு
இரண்டரை மணிவரை உட்கார்ந்திருந்தேன்.
லூர்து அக்கா இரண்டு மிஸ்டு கால்.
கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது.
தண்ணீர் ஆறிப் போயிருந்தது.
அதில்தான் அரிசி களைந்தேன்.